வாசகர் முகவரி யார் கையில்?

சேகோசர்வ் ஏலத்தில் ஜவ்வரிசி மூட்டை என்ன விலைக்குப் போனது, நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கொள்முதல் விலை எத்தனை காசு ஏறியது, ஆணைமடுவு அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, நாளை எந்தத் துணை மின்நிலையத்தில் பராமரிப்பு, எந்தெந்த ஊருக்குக் கரண்ட் இருக்காது. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி வட்டாரத்தில் பொழுது விடிந்ததும் ஆட்கள் தேடுகிற செய்தி இதுதான். முன்பெல்லாம் காலைப் பேப்பர் வரும்வரை காத்திருந்தார்கள். இப்போது ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்துவிடுகிறது.

அனுப்புகிறவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருப்பார். மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. பண்டிகைக்கால விளம்பரக் கமிஷன்தான் கைகொடுக்கும். விபத்து நடந்த இடத்தில் நின்றபடியே நாலு வரி தட்டி, இரண்டு படத்தைச் சேர்த்து அலுவலகத்துக்கு அனுப்புவார். அதே நாலு வரி அடுத்த நிமிடம் ஐந்தாறு குரூப்புகளுக்கும், ஊர் பெயரில் அவர் நடத்தும் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் போய்ச் சேரும். பல வருஷம் மெனக்கெட்டு அந்தப் பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்திருப்பார். அவர்களில் ஒருவருடைய முகவரியாவது அவரிடம் உண்டா என்றால் கிடையாது. அது ஃபேஸ்புக்கிடம் இருக்கிறது. ஒருநாள் காலையில் பக்கம் முடங்கிப்போனால், என்ன காரணம் என்று கேட்கக்கூட அவருக்கு ஓர் ஆள் அகப்படமாட்டார்.

தாலுகா நிருபரின் இந்த நிலைமைதான் லண்டனின் கார்டியனுக்கும் வாஷிங்டனின் என்பிஆர் வானொலிக்கும் வந்தது. அளவுதான் வேறு.

2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். ஏழே வாரத்தில், டிசம்பர் 15 அன்று, நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என் செய்தியாளர்கள் சிலரின் கணக்குகள் ஒரே இரவில் முடக்கப்பட்டன. மஸ்க்கின் தனி விமானம் எங்கே பறக்கிறது என்று சொல்லும் கணக்கைப் பற்றி எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். மாஸ்டடான் என்ற போட்டி வலைப்பின்னலின் கணக்கும் அதே இரவில் காணாமல் போனது. பெரும்பாலானவை சில நாளில் திரும்ப வந்தன என்றாலும், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த ஏப்ரலில் என்பிஆர் மீது அரசு சார்பு ஊடகம் என்ற முத்திரை விழுந்தது. அப்போது நேரடியாக அமெரிக்க மத்திய அரசிடமிருந்து அதற்கு வந்த பணம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2023 ஏப்ரல் 12 அன்று 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்தொடர்வோரை விட்டுவிட்டு அது வெளியேறியது. தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டார்கள் என்று பலர் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, தளத்துக்கு வரும் வாசகர் வரத்தில் ஒரு சதவீதப் புள்ளிதான் குறைந்திருந்தது; முன்பும் ட்விட்டர் வழியே வந்தவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவுதான். அத்தனை லட்சம் பேர் பின்தொடர்ந்தார்களே தவிர, லிங்கைத் தொட்டு உள்ளே வந்தவர்கள் சொற்பம். நம் ஊர்ப் பத்திரிகை அலுவலகங்களில் ஃபாலோயர் எண்ணிக்கையைச் சொல்லி மீசையை முறுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த ட்விட்டரை விட்டுக் கார்டியன் 2024 நவம்பர் 13 அன்று கிளம்பியது. 80-க்கும் மேற்பட்ட கணக்குகள், சுமார் 2.7 கோடி பின்தொடர்வோர். மறுநாளே ஸ்பெயினின் லா வான்கார்டியா, அதையடுத்து ஸ்வீடனின் டாகென்ஸ் நீஹெட்டர், பிரான்ஸின் வெஸ்ட்-பிரான்ஸ் என்று வரிசை நீண்டது. எக்ஸ் ஏற்கெனவே செய்திக்குச் சாதகமாக இல்லை. 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ் தளங்களுக்குப் போகும் லிங்க்குகளைத் தொட்டால் ஐந்து விநாடி தாமதிக்கும்படி செய்திருந்ததை வாஷிங்டன் போஸ்ட் கண்டுபிடித்து எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் செய்தி லிங்க்குகளின் தலைப்பே மறைந்து வெறும் படம் மட்டும் தெரிந்தது. ஆக, கார்டியன் விட்டுக்கொடுத்தது பெரிய சொத்து ஒன்றுமில்லை. தன் செய்தியாளர்கள் தகவல் திரட்ட எக்ஸைப் பயன்படுத்தலாம் என்றும் அது சொல்லிவைத்தது. கோபத்திலும் ஒரு நிதானம்.

கார்டியன் கிளம்பிய அந்த மாதமே, ப்ளூஸ்கை என்ற போட்டித் தளத்தின் கணக்குகள் இரண்டு கோடியைத் தாண்டின. அமெரிக்காவின் பாஸ்டன் குளோப், தன் தளத்துக்கு ஃபேஸ்புக் நிறுவனத்தின் த்ரெட்ஸிலிருந்து வருவதைப்போல மூன்று மடங்கு வாசகர்கள் ப்ளூஸ்கையிலிருந்து வருவதாகச் சொன்னது.

இந்தியாவுக்கு இது புதுக் கதை இல்லை. மஸ்க் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே இங்கே ஒரு சிறு இடப்பெயர்ச்சி நடந்து முடிந்திருந்தது. 2019 அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எல்லோரும் நாஜி வணக்கம் செலுத்த, ஒரே ஒருவர் மட்டும் கை கட்டி நிற்கிற புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். வெறுப்புப் படம் என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. கணக்கு திரும்பி வந்ததும், கோரக் பாண்டேயின் இந்திக் கவிதையை முன்பு பகிர்ந்திருந்ததைக் காட்டி மறுபடி முடக்கினார்கள். அதே சமயத்தில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கும் கட்டுப்படுத்தப்பட, ட்விட்டர் சாதி பார்க்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நவம்பர் முதல் வாரத்தில் செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் சத்தமில்லாமல் திரும்பியும் வந்துவிட்டார்கள். அங்கே அமைச்சர்கள் இல்லை, கிரிக்கெட் இல்லை, சண்டைக்கு எதிராளி இல்லை. செய்தியாளர் எங்கே போவார்? செய்தி இருக்கும் இடத்துக்குத்தான்.

அடுத்த அலை எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று, விவசாயிகள் போராட்டத்தின்போது, மத்திய அரசின் உத்தரவுப்படி கேரவன் இதழின் கணக்கு உட்பட சுமார் 250 கணக்குகளை ட்விட்டர் இந்தியாவில் மறைத்தது. அன்று மாலையே திறந்தும் விட்டது. திறந்ததில் அரசுக்குக் கோபம். அமைச்சர்களும் அமைச்சகங்களும் ‘கூ’ என்ற உள்நாட்டுச் செயலிக்குப் படையெடுத்தார்கள். மஞ்சள் பறவை, தமிழிலும் எழுதலாம், சுதேசித் தயாரிப்பு. 2024 ஜூலையில் அதன் கடை சாத்தப்பட்டது. அங்கே எழுதியவர்களின் எழுத்தும் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலும் அதோடு போயின. சுதேசியாக இருந்தாலும் ஒரே முதலாளி என்றால் முடிவு ஒன்றுதான். தமிழ் இணையத்தில் மூத்தவர்களுக்கு இந்த வலி தெரியும்: மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுக்களில் எழுதிக் குவித்ததெல்லாம் 2019-2020-ல் யாஹூ அந்தக் கதவை மூடியபோது என்ன ஆயிற்று என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியானால் எல்லோரும் நாளைக்கே ப்ளூஸ்கைக்குப் போய்விட வேண்டுமா? விகடனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவு சுலபமாக ஆமாம் என்று சொல்ல முடியாது.

2025 பிப்ரவரி 10 அன்று விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம். கை கால்களில் விலங்கோடு பிரதமர் மோடி, பக்கத்தில் டிரம்ப். தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அனுப்பினார். பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை, விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு நெட்வொர்க்கில் திறக்கிறது, இன்னொன்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம்வரை அரசிடமிருந்து தங்களுக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றது விகடன். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி, சம்பந்தப்பட்ட படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டுத் தெரிவித்தால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டார். ஒரு படத்துக்காக, 1926-ல் தொடங்கிய நிறுவனத்தின் முழுத் தளமும் இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. 1987-லும் இதே விகடன் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக தன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் சிறைக்குப் போனதைப் பார்த்தது; அன்று தண்டித்தது சட்டமன்றம், ஆனால் கடையில் இதழ் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: விகடனின் தளம் எந்த முதலாளியின் வாடகை இடமும் அல்ல. சொந்த முகவரி. தடை விழுந்தது வாசகரின் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கம்பியில். தளம் முடங்கியதை விகடன் ஊருக்குச் சொன்னது தன் சமூக ஊடகப் பக்கங்களில்.

மூன்று மாதத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் மறைக்கும்படி அரசு உத்தரவிட்டிருப்பதாக எக்ஸ் அறிவித்தது. மறுத்தால் பெரும் அபராதம், இங்குள்ள ஊழியர்களுக்குச் சிறை. மறைந்தவற்றில் மக்தூப் மீடியா, ஃப்ரீ பிரஸ் காஷ்மீர் போன்ற செய்தி நிறுவனங்களும் இருந்தன. அவற்றின் தளங்களுக்கு நேரே போனவர்களால் படிக்க முடிந்தது. மே 9 அன்று தி வயர் தளமே தடைபட்டது. அதன் செய்தி வேறு வழிகளில் ஓடியது. ஜூலை 5 இரவு ராய்ட்டர்ஸ் கணக்கு இந்தியாவில் மறைந்து, மறுநாள் திரும்பியது. தாங்கள் கேட்கவில்லை என்றது அரசு. 2,355 கணக்குகளை மறைக்கச் சொன்னதே அரசுதான் என்றது எக்ஸ். யார் சொல்வது நிஜம் என்று வாசகர் தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சட்டவிதியே சொல்கிறது. போதாததற்கு, பதிவுகளை நீக்கச் சொல்லும் நோட்டீஸ்களை அனுப்ப உள்துறை அமைச்சகத்தின் சகயோக் இணையவாசல் வேறு. அதை எதிர்த்து எக்ஸ் போட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது.

ஒரு வழி அடைபட்டபோதெல்லாம் இன்னொரு வழி காப்பாற்றியிருக்கிறது. பரவலாக்கப்பட்ட வலைப்பின்னல்களின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. எக்ஸைவிட அங்கே ஆட்கள் பண்பானவர்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

பரவலாக்கம் என்ற வார்த்தை பலரை மிரட்டுகிறது. நடைமுறையில் அது என்ன என்று பார்க்க ஒரு இடமாற்றத்தைக் கவனித்தால் போதும். மாஸ்டடானை 2016-ல் தொடங்கியவர் ஜெர்மனியில் இருந்த ஓய்கன் ரோச்கோ என்ற இளைஞர். அது ஒரே கம்பெனியின் ஒரே கட்டடம் அல்ல. உலகம் முழுக்க யார் யாரோ நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒரு பொதுவான நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு செய்தியாளருக்குத் தன் சர்வரின் அட்மின் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வேறு சர்வரில் புதுக் கணக்கு தொடங்குவார். புதுக் கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியைக் குறிப்பிடுவார். பழைய கணக்கில் போய் இடமாற்றம் என்பதைத் தட்டி, கடவுச்சொல்லைக் கொடுப்பார். அவ்வளவுதான். பின்தொடர்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களாகவே புதுக் கணக்குக்கு வந்து சேர்வார்கள். எழுதிய பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது. ஃபேஸ்புக்கிலிருந்து எக்ஸுக்கோ, எக்ஸிலிருந்து யூடியூபுக்கோ இப்படி ஒருவர்கூடப் பின்னால் வரமாட்டார்.

ப்ளூஸ்கை வேறு மாதிரி. அங்கே கணக்கின் பெயராக சொந்த இணைய முகவரியையே வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் டைம்ஸின் பெயர் அங்கே என்ஒய்டைம்ஸ் டாட் காம். முகவரியை வாங்கிய இடத்தில் போய் ஒரு வரி எழுத்தைச் சேர்த்தால், இது நிஜமான நியூயார்க் டைம்ஸ்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நீல டிக்குக்கு யாரிடமும் மாதச் சந்தா கட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. பிபிசி 2023 ஜூலை 31 அன்று மாஸ்டடானில் தனக்கென்று ஒரு சர்வரைத் தொடங்கியபோதும் யோசனை இதுதான். போலிப் பக்கங்கள் மலிந்த தமிழ்நாட்டுக்கு இது லேசான விஷயம் இல்லை. முன்னணித் தொலைக்காட்சிகளின் லோகோவை வெட்டி ஒட்டிய போலி நியூஸ் கார்டு தேர்தலுக்குத் தேர்தல் சுற்றுகிறது. அது போலி என்று சொல்லும் மறுப்புக் கார்டும் பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கிறது.

இனி குறைகள். முதல் குறை, ஆள் இல்லை. தமிழில் இந்தத் தளங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், சில எழுத்தாளர்கள், வெளிநாட்டுத் தமிழர்கள். பாக்கு மரம் ஏறுகிறவரும் குச்சிக்கிழங்கு போட்டவரும் அங்கே இல்லை. 2022 மார்ச்சில், மரவள்ளியைச் சூறையாடிய மாவுப்பூச்சியை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விட்டார்களே, அந்த மாதிரிச் செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மாஸ்டடானில் மட்டும் போடுகிற நிருபர் யாரும் இல்லாத மைதானத்தில் மைக் பிடிப்பவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது குறை, காசு இல்லை. டிவி வேலையை விட்டு வெளியே வந்த தமிழ்ப் பத்திரிகையாளர்களில் பலர் இன்று யூடியூப் விளம்பர வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். மாஸ்டடானில் விளம்பரமே கிடையாது. யூடியூபை விட்டு யாரும் கொள்கைக்காக வெளியேறிய செய்தி வரவில்லை; வரப்போவதும் இல்லை.

மூன்றாவது, சர்வர் நடத்துகிறவரும் மனிதர்தான். மாஸ்டடான் டாட் லால் என்ற பெரிய சர்வரை நடத்தியவர் 2023 பிப்ரவரியில் இனி தன்னால் முடியாது என்று கைகழுவினார். அவர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார் என்பதும், இருந்தவர்கள் பின்தொடர்வோரோடு வேறு சர்வருக்குப் போக முடிந்தது என்பதும் உண்மை. ‘கூ’ மூடியபோது இது வாய்க்கவில்லை. ஆனால் எல்லா அட்மினும் அவ்வளவு பொறுப்பாக இருப்பார் என்று சொல்வதற்கில்லை. செய்தியாளர்களுக்கென்று அமெரிக்காவில் பத்திரிகையாளர் ஆடம் டேவிட்சன் தொடங்கிய சர்வரை, அங்கே நடந்த சில சண்டைகளைக் காரணம் காட்டி வேறு சர்வர்கள் சில ஒட்டுமொத்தமாகத் தள்ளிவைத்தன. ஒருவர் செய்ததற்கு அத்தனை பேரும் ஊர்விலக்கு.

அரசாங்கம் இங்கே நுழைய முடியாது என்ற நினைப்பும் தவறு. 2025 ஏப்ரலில் துருக்கி அரசு கேட்டதும் ப்ளூஸ்கை 72 கணக்குகள்மீது நடவடிக்கை எடுத்தது. அந்த மறைப்பு ப்ளூஸ்கையின் சொந்தச் செயலியில்தான் வேலை செய்தது, அதே வலைப்பின்னலை வாசிக்கும் வேறு செயலிகளில் அவற்றைப் பார்க்க முடிந்தது என்பது வித்தியாசம். இந்தியாவில் 2023 மே மாதம் தடைசெய்யப்பட்ட 14 செயலிகளில் எலிமென்ட் என்ற பரவலாக்கப்பட்ட உரையாடல் செயலியும் ஒன்று. இங்கே அலுவலகமும் ஊழியரும் இல்லாத சர்வரை மிரட்ட முடியாதுதான்; ஆனால் விகடனுக்குச் செய்ததுபோலக் கம்பியில் கை வைக்க முடியும்.

தமிழ்ப் பத்திரிகை உலகம் இதை நூறு வருஷத்துக்கும் முன்பே பார்த்துவிட்டது. 1908-ல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் மு.சீனிவாசன் கைதானதும் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அச்சகமும் பின்னாலேயே போனது. அந்த அக்டோபரில் பிரெஞ்சு மண்ணிலிருந்து இதழ் மறுபடி வரத் தொடங்கியது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அதே இதழ்தான். பிரிட்டிஷ் போலீஸால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. ஆனால் வாசகர்கள் இருந்தது சேலத்திலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும். அவர்களுக்கு இதழைக் கொண்டுபோன தபால்துறை பிரிட்டிஷாருடையது. இதழ் எல்லைக்கு இந்தப் பக்கம் நுழையத் தடை வந்தது, 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றுபோனது. எழுதும் இடத்தை மாற்றினால் மட்டும் போதவில்லை. வாசகரிடம் போகும் பாதையும் வேண்டியிருந்தது.

ஆகவே தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் எக்ஸை விட்டு வீராவேசமாக வெளியேற வேண்டியதில்லை. செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது, சலிப்பூட்டுவது, இதுவரை பெரும்பாலோர் செய்யாதது. தடை வரும்முன்பே இரண்டாவது, மூன்றாவது பாதையைப் போட்டுவைப்பது. சொந்த இணைய முகவரியின் பெயரிலேயே ப்ளூஸ்கையிலும் மாஸ்டடானிலும் கணக்கு தொடங்கி, எக்ஸில் போடுவதை அங்கேயும் தானாகப் போய்விழச் செய்ய ஒரு தொழில்நுட்ப ஊழியருக்கு ஒரு பிற்பகல் வேலை. இன்று பத்துப் பேர்தான் படிப்பார்கள். பரவாயில்லை, தளம் திறக்காத ஒரு சனிக்கிழமை மாலையில் அந்தப் பத்துப் பேர் பத்தாயிரம் பேருக்குச் சொல்வார்கள்.

புதுச் செய்தி வந்ததும் தானாகவே வாசகரிடம் கொண்டுபோகும் செய்தியோடை என்ற ஆர்எஸ்எஸ் வசதியைப் பல தமிழ் நாளிதழ்த் தளங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்தே வைத்திருக்கின்றன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை அந்த ஓடைகளை வைத்துத்தான் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது. எழுத்து அவரவர் இடத்திலேயே இருந்தது. திரட்டி போனாலும் எழுத்து போகாது. மாஸ்டடானை உலகம் கொண்டாடுவதற்குப் பத்து வருஷம் முன்பே பரவலாக்கத்தைத் தமிழர்கள் பழகியிருந்தார்கள். பிறகு ஃபேஸ்புக் வந்தது, எல்லோரும் சொந்தக் காட்டை விட்டுவிட்டுக் குத்தகைக்குப் போனோம்.

தாலுகா நிருபருக்கு சர்வர் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு ஊர் பெயரில் ஓர் இணைய முகவரி, அதில் தினசரி விலைநிலவரமும் மின்தடை அறிவிப்பும் வரும் எளிய பக்கம், படிக்கிறவர் விருப்பப்பட்டால் தன் எண்ணையோ மின்னஞ்சலையோ பதிய ஒரு கட்டம். ஃபேஸ்புக் பக்கமும் குரூப்பும் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே போடுகிற ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும். சொந்த இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் இந்தப் பகுதி வயல்களில் கல் நட்டபோது விவசாயிகள் செல்போனில் எடுத்த காணொலிகள் ஃபேஸ்புக்கில் ஏறின. நில எடுப்பு அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. வழக்கின் தீர்ப்புகள் என்றைக்கும் கிடைக்கும். காணொலிகளில் எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் தெரியும்.

கனடாவில் 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் அரசோடு இருந்த பணத் தகராறில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எல்லாச் செய்தி லிங்க்குகளையும் நிறுத்தியது. அதே மாதம் காட்டுத்தீ பரவி யெல்லோநைஃப் நகரையே காலி செய்யச் சொன்னபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற உள்ளூர்ச் செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. வாழப்பாடியில் வசிஷ்ட நதியில் வெள்ளம் வரும் ராத்திரியில் குரூப் வேலை செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தினமும் ஃபார்வர்டில் படிக்கும் செய்தித்தளம் எதுவோ, அதன் முகவரியை உலாவியில் நேரே தட்டித் திறந்து, முதல் பக்கத்தைச் சேமித்துவைத்து, மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று ஆசிரியருக்கு நாலு வரி எழுதிக் கேளுங்கள்.